வில்லியனூர் ஆற்றங்கரையும் மூன்று அரைகுறை வரலாறும்



இது நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள். படிக்காமலேயே கைகூப்பும் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். படித்துவிட்டு எதிர்த்து எழுதினால் எனக்கு அதுதான் மகிழ்ச்சி.

கொஞ்ச நாளாக நம் பழைய மாணவர்கள் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ‘புதுவையின் உண்மை வரலாறு’ என்று மூன்று விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. முதல் வகை: பிரெஞ்சுக்காரர் வரும்வரை இங்கே நாலு மீன்பிடிக் குடிசை தவிர ஒன்றுமில்லை, ஊரையே அவர்கள்தான் உண்டாக்கினார்கள். இரண்டாம் வகை: நம் கோயிலை இடித்தார்கள், ஆகவே பக்கத்துத் தெருக்காரனிடம் எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாம் வகை: திருக்காஞ்சி இனி தென்னகத்துக் காசி, காசியில் நடப்பதெல்லாம் இங்கேயும் நடக்கும், பெருமையோடு பகிருங்கள்.

இவற்றை அனுப்பியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு, என் சொந்த அக்காள் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றும் முழுப் பொய் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை, ஒரு வரியில் முடித்திருப்பேன். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை யாரும் நெடுநாள் சுமப்பதில்லை. கால்வாசி உண்மை கலந்தது மூன்று தலைமுறைக்கு ஓடும்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் புதுவையில் இன்றும் உயிரோடு இருக்கிற மிகப் பழைய வழிபாட்டுப் பகுதி சங்கராபரணி ஆற்றங்கரை. அதன் நடு வில்லியனூர். அந்தப் பகுதியின் வரலாறு என்பது அந்த ஆற்றின் வரலாறு. மேலே சொன்ன மூன்று செய்திகளில் ஒன்றில்கூட ஆறு இல்லை. ஆற்றைச் சாகவிட்டுக்கொண்டே அதன் கரையின் பெருமையைப் பேசுகிறோம். இது எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: ஊர் 1674-ல் பிறந்ததா?

பிரெஞ்சுக் கம்பெனிக்காரர்கள் இங்கே காலூன்றியது 1673, 1674 ஆண்டுகளில். இடம் கொடுத்தவர் ஷேர்கான் லோடி. பிரான்சுவா மர்த்தேன் கோட்டையும் ஊரும் கட்டினார். அதை யார் மறுத்தார்கள்? 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். 1699-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று சுற்றுலா வருபவர்களிடம் ‘பாருங்கள், பிரெஞ்சு நகர அமைப்பு’ என்று காட்டுகிற நேர்நேரான வீதிகளுக்கு முதலில் கோடு போட்டவர்கள் இடையில் வந்துபோன அந்த டச்சுக்காரர்கள். மஞ்சள் சுவரின் முன் நின்று படம் எடுக்கிறவருக்கு இது தெரியாமல் போகட்டும். நமக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கடற்கரையை விட்டுவிட்டு விழுப்புரம் சாலையில் மேற்கே போங்கள். சுமார் பத்து கிலோமீட்டரில் வில்லியனூர். அங்கே திருக்காமீசுவரர் கோயில், அம்பாள் கோகிலாம்பிகை. சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டு. பிரெஞ்சுக் கொடி இந்தக் கடற்கரையில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே விளக்கெரிக்கக் கொடை எழுதிக்கொண்டிருந்தார்கள். வில்வ மரக் காடாக இருந்த இடம் என்று தலபுராணம் சொல்லும். ‘வில்லைப் புராணம்’ என்ற அந்த நூலைத் தேடி அச்சேற்றியவர் நம் உ.வே.சாமிநாதையர்.

ஆற்றைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் திருவாண்டார்கோயில். அதுதான் திருஞானசம்பந்தர் பாடிய வடுகூர். அவர் காலம் 7ஆம் நூற்றாண்டு. மர்த்தேன் கப்பலைவிட்டு இறங்குவதற்கு ஆயிரம் ஆண்டு முன்னால் ஒரு பிள்ளை இந்த வழியே பாடிக்கொண்டு போயிருக்கிறது. அதன் பக்கத்திலேயே திருபுவனை. அங்குள்ள 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முதலாம் இராசாதிராசன் காலத்தது, ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது: 260 மாணவர், 12 ஆசிரியர். இந்த எண்ணைப் பள்ளியில் கரும்பலகையில் எழுதிப்போட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ‘பன்னிரண்டு பேருக்கு இருநூற்று அறுபது என்றால் ஒருவருக்கு எத்தனை?’ என்று கேட்டதற்குக் கடைசி வரிசையிலிருந்து ‘நம்ம வகுப்பில் பாதிதான் ஐயா’ என்று பதில் வந்தது.

ஆறு கடலை நெருங்கும் இடத்துக்கு வாருங்கள். அரியாங்குப்பம் ஆறு என்று அங்கே அதற்குப் பெயர். அதன் கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அடுத்து கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டினார். ரோமானிய மதுச்சாடி, சிவப்புப் பளபளப்புப் பாண்டம், மணி கோக்கும் தொழில். கிரேக்க நூல்கள் ‘பொதுகே’ என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஊர்க்காரன் வெளிநாட்டுக்காரனுடன் கணக்குப் பேசியிருக்கிறான். அப்போதும் அவன் நின்றது ஆற்றங்கரையில். ஏன்? நல்ல தண்ணீர் அங்கேதான். படகு ஒதுங்க இடம் அங்கேதான். உள்நாட்டிலிருந்து நெல்லும் துணியும் வந்து சேரும் வழி அதுதான்.

ஆகவே ‘பிரெஞ்சுக்காரர்தான் ஊரை உண்டாக்கினார்கள்’ என்று எழுதுகிற தம்பிகளுக்கு: நீங்கள் சொல்வது ஒரு நகரப் பேட்டையின் வயது. அந்தப் பேட்டை அழகானது, எனக்கும் பிடிக்கும். சுற்றுலா பலருக்குச் சோறு போடுகிறது, அதுவும் தெரியும். ஆனால் வீட்டின் முன்திண்ணைக்குச் சுண்ணாம்பு அடித்த நாளை வீடு கட்டிய நாள் என்று சொல்லக்கூடாது.

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனதைப் போற்றுகிறோம் என்றால் எல்லாவற்றையும் போற்ற வேண்டும். செல்லிப்பட்டில் சங்கராபரணிக்குக் குறுக்கே அவர்கள் காலத்தில் கட்டிய படுகை அணை ஒன்று இருந்தது. நூறாண்டைத் தாண்டி நின்ற அந்த அணை 2021 வெள்ளத்தில் உடைந்தது. சுற்றிலும் உள்ள கிராமங்களின் கிணற்றில் ஊற்று நிற்பதற்கு உதவிய அணை அது. அது உடைந்த அன்று ‘பிரெஞ்சு மரபு போயிற்றே’ என்று நம் குழுவில் ஒருவர்கூட ஒரு படம் போடவில்லை. ஒயிட் டவுனில் ஒரு பழைய பால்கனி விழுந்தால் பத்துப் பேர் அழுகிறீர்கள். மரபு என்றால் பால்கனி மட்டும்தானா?

இரண்டு: இடித்த கணக்கு

1748 செப்டம்பரில், பாஸ்காவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், டூப்ளே ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இது உண்மை. ஏசுசபையாரின் சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த கோயில் அது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். இதை நான் வகுப்பில் மறைத்ததே இல்லை. மறைக்கச் சொன்னவர்களும் உண்டு, இதை மட்டும் சொல்லச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு பேர் பேச்சையும் நான் கேட்கவில்லை.

அடுத்த பக்கத்தையும் திருப்ப வேண்டும். 1760-ல் அயர் கூட் படை வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது. 1761 சனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஏசுசபைக் கோயிலும் அதில் போயிற்று. இன்று மிஷன் வீதியில் நிற்கும் சம்பா கோயில் அதற்குப் பிறகு கட்டப்பட்டு 1791-ல் முடிந்தது. வேதபுரீசுவரரும் ஈசுவரன் கோயில் வீதியில் மறுபடி எழுந்தருளினார். இரண்டு கோயிலும் இடிபட்டன, இரண்டும் எழுந்தன. இரண்டையும் இடித்தவை ஐரோப்பிய அரசுகளும் அவற்றின் சண்டையும். உங்கள் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அந்தோணிசாமியோ சுல்தான்பேட்டை பாயோ கடப்பாரை தூக்கவில்லை.

இப்போது வில்லியனூரை மறுபடி பாருங்கள். திருக்காமீசுவரர் கோயில், வரதராசப் பெருமாள் கோயில், கொஞ்ச தூரத்தில் மாதா கோயில், பக்கத்திலேயே சுல்தான்பேட்டைப் பள்ளிவாசல். பிரான்சில் லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்வது 1858-ல். இருபது ஆண்டு ஆவதற்குள், 1877-ல், லூர்து மாதா சிலை கடல் தாண்டி வில்லியனூருக்கு வந்துவிட்டது. அந்தக் கோயிலுக்கு முன்னால் என்ன இருக்கிறது? குளம். நம் ஊர்க் கோயில் குளம் மாதிரியே படிக்கட்டு உள்ள குளம். மாதாவுக்கும் இங்கே தண்ணீர் வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு வருகிற திருவிழாவில் அந்தக் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நம் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்.

ஆற்றின் வாயிலும் இதே கதைதான். 1769-ல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்ப்பதற்காக லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே வந்து காத்திருந்தார். குறித்த நாளில் மேகம் மூடிக்கொண்டது, பாவம். வானத்தைப் பார்க்க வந்தவர் தரையையும் பார்த்தார். வீராம்பட்டினம் பக்கம் இருந்த பழைய கற்சிலை ஒன்றைப் பற்றி எழுதி, சீயம் நாட்டுப் புத்தரோடு ஒப்பிட்டார். அதே காலத்தில் அதே கரையில் கிறித்தவக் குருமடம் ஒன்று நடந்தது. அதே வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மனுக்கு இன்றும் ஆடித் தேர் ஓடுகிறது. ஒரு சின்ன ஆற்றுமுகத்தில் இத்தனை.

‘பார்த்தீர்களா, எல்லோரும் அன்பாக இருந்தார்கள்’ என்று நான் கதை விடப்போவதில்லை. வில்லியனூர்த் தேரையும் வீராம்பட்டினத் தேரையும் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்து இழுத்துத் தொடங்கிவைத்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து அந்த மரபைத் தொடர்கிறார். கவர்னர் பக்தியால் மட்டும் வடம் பிடிக்கவில்லை. ஊரை ஆள வேண்டுமென்றால் ஊர்ச்சாமியின் தேரைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோயில் இடித்த அரசும் தேர் இழுத்த அரசும் ஒரே அரசுதான். ஆட்சியாளரின் நடத்தை அவரவர் வசதிப்படி மாறும். மக்கள் அப்படி மாறவில்லை. ஒரே ஆற்றில் குளித்தார்கள், ஒரே வாய்க்காலில் பாய்ச்சினார்கள், சண்டை போட்டாலும் மடை திறக்கும் நாளில் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தப் பொது மடை போனால் பேசுவதற்கான காரணமும் போய்விடும். அதன்பிறகு குழுவில் வருகிற பழிக்கணக்கு மட்டும்தான் மிஞ்சும். இதுதான் என் பயம்.

மூன்று: நாம் ஏன் இன்னொரு காசி ஆக வேண்டும்?

இது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூருக்குச் சற்றுத் தெற்கே ஆற்றங்கரையில் திருக்காஞ்சி. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் அங்கே தீர்த்தவாரிக்கு வருவார்கள். 2023 ஏப்ரல், மே மாதங்களில் புஷ்கரணி விழா பெரிய கூட்டத்தோடு நடந்தது. காசிக்கு எடுத்துப்போன அஸ்தி இங்கே பூவாக மாறியதாகத் தலக்கதை. அதை வைத்துத்தான் ‘காசியிலும் வீசம் அதிகம்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு வீசம் தெரியாது, சொல்கிறேன். பதினாறில் ஒரு பங்கு. அதாவது காசி பதினாறு என்றால் திருக்காஞ்சி பதினேழு. நம் பாட்டன் பூட்டனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்! காசிக்குச் சமம் என்றுகூடச் சொல்லவில்லை, கொஞ்சம் அதிகம் என்றார்கள். அந்த வாயால் நாம் இன்று ‘மினி காசி’ என்கிறோம். அதிகமாக இருந்ததை நகலாக்குகிறோம். இதில் என்ன பெருமை?

அங்குள்ள சாமியின் பெயரைப் பதம் பிரித்துப் படியுங்கள். கங்கைவராக நதீசுவரர். வராக நதி என்பது சங்கராபரணியின் இன்னொரு பெயர். செஞ்சியாறு என்றும் சொல்வோம். சாமியின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. நதிக்கு ஈசுவரர். நதி இல்லையென்றால் அவர் எதற்கு ஈசுவரர்? உயரமான சிலை வைக்கலாம், படித்துறைக்கு டைல்ஸ் ஒட்டலாம், வண்ண விளக்கு போடலாம், காசி போலவே அடுக்குத் தீபம் சுற்றலாம். கீழே ஓட வேண்டியது ஓடவில்லையென்றால் அந்தப் பெயரைப் பொய்யாக்குகிறோம்.

ஆற்றை வணங்குவது தப்பு என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். நானும் அந்தப் படித்துறையில் என் பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவன்தான். என் கேள்வி எளியது. தீபம் காட்டுகிற அதே கையால் என்ன போடுகிறோம்? ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். நாம் அளக்காமல் போடுவது பழைய வேட்டி, புடவை, பூமாலை கட்டி வந்த பிளாஸ்டிக் பை, சாமி படத்துக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில். காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது சாஸ்திரம்தான். குப்பையையும் திரும்பிப் பார்க்காதே என்று எந்தச் சாஸ்திரம் சொன்னது?

ஆற்றுக்கு என்ன ஆயிற்று?

சங்கராபரணி செஞ்சிக்குப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, நம் எல்லைக்குள் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஆறு. வருடம் முழுவதும் இருகரையும் தொட்டு ஓடியதாக நான் சொல்லவில்லை. ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது. கோடையில் ஊற்றுத் தோண்டினால் வந்தது. ஆற்றுமணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு. அந்தப் பஞ்சை இரவோடு இரவாக மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் அள்ளி வீடு கட்டினோம். புதிய வீட்டுக்குப் புண்ணியாகவாசனம் செய்ய அதே ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தேடினோம்.

நம் ஊரின் பெரிய ஏரியான ஊசுட்டேரிக்குத் தண்ணீர் தருவது சுத்துக்கேணி வாய்க்கால். அதுவும் இந்த ஆற்றிலிருந்து பிரிவதுதான். வெளிநாட்டுப் பறவை வந்தது என்று ஊசுட்டேரிப் படம் போடுகிறவர்கள், அந்தப் பறவைக்கும் சங்கராபரணிக்கும் உள்ள உறவை ஒரு வரி எழுதக்கூடாதா?

வாய்க்காலும் ஓடையும் மனையாகிவிட்டன. அதன் பலனை 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் பார்த்தோம். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடூர் அணையிலிருந்தும் தண்ணீர் திறந்தார்கள். ஆறு தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு கரையோர ஊர்களுக்குள் வந்தது. ‘ஊருக்குள் ஆறு புகுந்துவிட்டது’ என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஆற்றுக்குள் ஊர் புகுந்த கதையை யார் சொல்வது? அந்தப் பக்கம் கடலோர கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டே வருகிறது. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் கீழே இறங்காவிட்டால் கடல் உள்ளே வரும். இது பக்திக்கும் அரசியலுக்கும் கட்டுப்படாது.

‘அணை தமிழ்நாட்டில் இருக்கிறது, மழையும் இல்லை, நாம் என்ன செய்ய முடியும்?’ என்று சிலர் கேட்பீர்கள். மழையும் அணையும் நம் கையில் இல்லைதான். நம் எல்லைக்குள் ஓடும் நீளத்தில் மணலை அள்ளியது யார்? சாக்கடையைத் திருப்பியது யார்? படுகை அணை பலவீனமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தது யார்? இவற்றுக்கும் விழுப்புரம் மாவட்டமா காரணம்? நகரத்துக்குள் ஓடும் பெரிய வாய்க்காலை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற சாக்கடையாக நாம் முன்பே ஆக்கிவிட்டோம். ஆற்றையும் அந்த அளவுக்குக் கொண்டுபோய்த்தான் விடுவோமா?

இவ்வளவுக்கும் நம் அரசு முத்திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். அதன் கதை தெரியுமல்லவா? வில்லியனூருக்குச் சாமி கும்பிட வந்த கிருஷ்ணதேவராயர், தூரத்தில் விளக்கொளியோடு நின்ற மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். 1860களில் லமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்து ஊற்றுத் தண்ணீரைக் கடற்கரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவுதான் மண்டபம். முதல் பகுதி செவிவழிக் கதை, அடுத்தது வரலாறு. இரண்டும் சொல்வது ஒன்றே. வெள்ளைக்காரர் வீதியில் வாழ்ந்தவரும் உள்ளூரின் தண்ணீரைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தார். அரசனோ கவர்னரோ அல்ல, தண்ணீர் கொடுத்தவளின் பெயர்தான் நம் முத்திரைக்கு வந்தது. ஒவ்வோர் அரசாணையின் தலையிலும் அந்த மண்டபத்தை அச்சடித்துக்கொண்டு, அதே தாளில் ஓடையை மனையாக மாற்ற அனுமதி கொடுப்பது எவ்வளவு பெரிய முரண் என்று அலுவலகத்தில் இருக்கும் என் மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது

பதிவு போட்டு ஆறு ஓடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் என் மாணவர்களில் பொறியாளர் உண்டு, வருவாய்த்துறையில் இருப்பவர் உண்டு, மனை விற்பவர் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவர் உண்டு, ஆசிரியர்கள் நிறைய உண்டு. ஆகவே ஊரைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாமல் உங்களிடமே கேட்கிறேன்.

மனை விற்பவர்களே, வாங்குபவர்களே: பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பழைய நில அளவை வரைபடத்தில் அந்த இடம் வாய்க்காலா, ஓடைப் புறம்போக்கா என்று பாருங்கள். வாய்க்கால் என்று தெரிந்தும் விற்கிறவன் என்னிடம் படித்தவன் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

திருப்பணிக் குழுவில் இருப்பவர்களே: கல்வெட்டின் மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், மணல் வீசிச் சுரண்ட விடாதீர்கள். பாகூர் சு. குப்புசாமி ஐயா நம் பகுதிக் கல்வெட்டுகளை அலைந்து திரிந்து தொகுத்தார். கோ. விசயவேணுகோபால் ஐயா பதிப்பிக்க, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006-ல் அதன் முதல் பகுதியை வெளியிட்டது. எடுத்துப் படியுங்கள். எந்த நிலம், அதற்கு எல்லை எந்த வாய்க்கால், எந்த ஏரி என்று அந்தக் காலத்துச் சபை எவ்வளவு கவனமாகக் கல்லில் எழுதிவைத்தது என்று தெரியும். கடவுளுக்கு விளக்கு வைக்க நிலம் கொடுத்தவன், அந்த நிலத்துக்குத் தண்ணீர் வருவதை மறக்கவில்லை.

ஆசிரியர்களே: பிள்ளைகளைச் சுற்றுலா என்று கடற்கரைக்கே கூட்டிப்போகாதீர்கள். ஒருநாள் வில்லியனூருக்குக் கூட்டிப்போங்கள். கோயில், மாதா குளம், பள்ளிவாசல், ஆரியபாளையம் பாலம் நான்கையும் ஒரே நாளில் காட்டலாம். பாலத்தின் மேல் நிற்கவைத்து ‘இது என்ன ஆறு?’ என்று கேளுங்கள். பதில் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

உறவினர்களே: வருகிற ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் திருக்காஞ்சி போகும்போது ஒரு சாக்குப்பை எடுத்துப்போங்கள். துணியை ஆற்றில் விடாதீர்கள். நனைத்துப் பிழிந்து எடுத்து வந்துவிடுங்கள், அல்லது துவைத்து இல்லாதவருக்குக் கொடுங்கள். பித்ருக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் அவர்களும் குளித்தார்கள். புரோகிதரிடம் நீங்களே சொல்லத் தயங்கினால் என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

அலுவலகத்தில் இருக்கும் மாணவர்களே: உடைந்த படுகை அணை, தூர்ந்த வாய்க்கால், ஆற்றில் கலக்கும் சாக்கடை இவை பற்றிய கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் அடியில் வைக்காதீர்கள், மேலே வையுங்கள். நான் கேட்கிற குருதட்சிணை அவ்வளவுதான்.

இனி குழுவில் ‘புதுவையின் உண்மை வரலாறு’ என்று எதையாவது அனுப்புவதற்கு முன், அதில் ஆறு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் எனக்கு மட்டும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அந்த வேலையிலிருந்து எனக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்